ஒரு வீட்டுக்கு ஒரு நெஞ்சுநோய்

செட்டிபாளையத்தில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிறிய கூட்டத்துக்குள் நெஞ்சுநோய்க்காரர் என்ற பதவியை நெடுங்காலம் தனியொருவராக வகித்தவர் என் அத்தான் செபஸ்தியாம்பிள்ளை. பதவி என்று தெரிந்துதான் சொல்கிறேன். அதற்கு ஒரு சாய்வு நாற்காலி இருந்தது, நல்ல சாப்பாடு இருந்தது, ஏவல் செய்ய ஆள் இருந்தது. இல்லாமலிருந்தது நெஞ்சுநோய் ஒன்றுதான்.

ஏவல் செய்த ஆள் பீற்றிஸ் அக்கா, என் பெரியம்மாவின் மகள், அத்தானின் மனைவி. நான் எழுத வந்தது அவளைப் பற்றித்தான். ஆனால் அத்தானைச் சொல்லி முடிக்காமல் அவளிடம் போக வழியில்லை. அவள் சாப்பிட்டது, படுத்தது, மருந்து குடித்தது எல்லாமே அவருக்குப் பிறகுதான்.

அத்தானுக்கு நோய் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, ஒரு கலியாண வீடு. பன்றிக்கறியோடு வயிறு முட்டச் சோறு தின்று, போதாததற்கு அரைப் பலாப்பழத்தையும் தனியே முடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தலில் சாய்ந்தார். பரியாரி வந்து நாடி பார்த்து நெஞ்சுக்குத்து என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அத்தான் பந்தல் முழுக்கக் கேட்கும்படி ஓர் ஏப்பம் விட்டார். அதோடு வலி போய்விட்டது. பரியாரி சொன்ன சொல் மட்டும் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு துரும்பையும் தூக்கவில்லை. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல்வட்டையில், அக்காவுக்குச் சீதனமாக வந்த வயல் இருந்தது. வெயில் பட்டால் நெஞ்சு அடைக்கும், தோணி ஏறினால் நெஞ்சு படபடக்கும் என்று அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். வேலி கட்டக் கம்பைத் தொட்டாலே முதுகுவரை குத்தும். கறியில் மீன்தலை இல்லாத நாளில் மட்டும் எந்த வலியும் அவரைத் தடுத்ததில்லை. எழுந்து குசினிவரைக்கும் நடந்து வந்து சத்தம் போடுவார்.

அவர் இருந்த வீடும் அக்காவுடையதுதான். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு, ஆண் அங்கே வந்து குடியிருப்பான். அவர்களுடைய ஒரே மகனும் அப்படித்தான் கலியாணம் கட்டி மண்டூரில் மனைவி வீட்டோடு போய்விட்டான். ஆகவே அத்தான் மனைவியின் வீட்டில், மனைவியின் வயல் நெல்லைத் தின்றுகொண்டு, மனைவி குத்திய அரிசிக் காசில் கோழிச்சூப் குடித்துக்கொண்டு நோயாளியாக இருந்தார். ஊர் அவருக்காக இரக்கப்பட்டது. எங்கள் ஊருக்கு இரக்கத்துக்குக் குறைவில்லை. யார்மேல் படுவது என்பதைத்தான் அது ஒருபோதும் சரியாகப் பார்த்ததில்லை.

அந்த இரக்கத்துக்குத் தலைவி அத்தானின் மூத்த சகோதரி செசீலியா மச்சாள். இரண்டு வளவு தள்ளி வீடு. பின்னேரமானால் வந்து தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள்.

"தம்பிட முகம் வாடியிரிக்கி. இந்த வீட்டில இதெல்லாம் ஆருக்குக் கண்ணில படுது?" என்பாள். அக்காவுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

அக்காவுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் அவள் பின்வளவில் உரலடியில் நிற்பாள். வயலைக் குத்தகைக்கு விட்டு, வந்த நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தி விற்றுத்தான் அந்த வீடு நடந்தது. என் வளவு பக்கத்து வளவு. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து நான் தேநீர் குடிக்கிற நேரத்தில் உலக்கைச் சத்தம் கேட்கும், பிறகு திடீரென்று நிற்கும். எட்டிப் பார்த்தால், உலக்கையை நிலத்தில் ஊன்றி அதில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். உதடு கருநீலமாக இருக்கும்.

"என்னக்கா செய்யிது?"

"ஒண்டுமில்ல தங்கச்சி. நெஞ்சுக்குள்ள, பறிக்குள்ள விழுந்த மீன் மாதிரிக் கிடந்து துள்ளுது. இப்ப அடங்கிரும்."

"நோவும் இரிக்கா?"

"நோவும் வரும். மறுகா போயிரும்."

"அத்தானிட்டச் சொன்னியா?"

"அவரே நெஞ்சு வருத்தக்காரன். அவருக்கிட்டப் போய் நானும் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு நிண்டா நல்லாவா இரிக்கும்? ஒரு வீட்டுக்கு ஒரு நெஞ்சுநோய் போதும்."

இதைச் சொல்லி அவள் சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வலியை விடவும் வலிக்கிற உரிமை யாருக்கு என்பதுதான் பெரிதாக இருந்தது அந்த வீட்டில். அக்காவும் அதை ஒப்புக்கொண்டு நடந்தாள்.

அறுபத்தொன்பதில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு நெஞ்சு பார்க்கிறதில் கெட்டிக்கார டொக்டர் ஒருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அத்தான் புறப்பட்டார். பாடசாலை விடுமுறை என்றபடியால் நானும் கூடப் போனேன். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டுக் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தார். சுடுதண்ணிப் போத்தல், மாற்றுச் சாரம், தலையணை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அக்கா பின்னால் வந்தாள். தலையணையை நான் பறித்துக்கொண்டேன். மாடிப்படி ஏறும்போது அவள் இரண்டு இடத்தில் நின்றாள். அத்தான் மேலே நின்று, "கெதியா வா புள்ள, நோயாளியக் காக்க வைக்காத" என்றார்.

டொக்டர் இளவயதுக்காரர், முன்கோபி. எனக்கு அவரைப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. அத்தானின் சட்டையைக் கழற்றச் சொல்லி, குழாயை வைத்துப் பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு நெஞ்சில ஒண்டுமில்ல. வாய்வு. சாப்பாட்டக் குறைச்சு, நல்லா நடந்து திரியுங்க."

அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மரணதண்டனை கிடைத்தவனுக்குக்கூட அப்படி முகம் தொங்காது. ஆனால் டொக்டர் அதற்குள் அவரை மறந்துவிட்டார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு இளைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க இதில வந்து இருங்க."

"எனக்கு ஒண்டுமில்ல ஐயா. இவருக்குத்தான்."

"இருங்க எண்டன்."

நெஞ்சில் குழாயை வைத்தார், மணிக்கட்டைப் பிடித்தார், மறுபடியும் குழாயை வைத்தார். நெஞ்சில் கேட்ட துடிப்பெல்லாம் கைக்கு வந்து சேரவில்லை என்று தாதியிடம் சொன்னார். சேர்ந்தவையும் ஓர் ஒழுங்கில் வரவில்லையாம். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது, பள்ளிக்கூடம் நின்றதே அதனால்தான் என்றாள் அக்கா.

"அந்தக் காய்ச்சல் உங்கட இதயத்துக்குள்ள ஒரு வாசலச் சுருக்கிப்போட்டுது. அதால மேல் அறை ஒழுங்கா அடிக்காம நடுங்கிக்கொண்டு கிடக்கு. இது இண்டைக்கு நேற்று வந்த வருத்தமில்ல. இவ்வளவு காலமும் எப்பிடித் தாங்கினீங்க?"

அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். டொக்டர் டிஜொக்சின் என்ற குளிசையை எழுதிக் கொடுத்தார். நாளுக்கு ஒன்று, ஒருநாளும் விடக்கூடாது, கூட்டியும் குடிக்கக்கூடாது. நெல்லுக் குத்தக்கூடாது. மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் அடுத்த வருடத்தைக் காண்பது நிச்சயமில்லை என்று அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னார்.

பஸ் காத்தான்குடியைத் தாண்டியது. அத்தான் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"விளங்கிச்சா புள்ள? எனக்கு இனிக் கனநாள் இல்ல."

"வாய்வு எண்டுதானே டொக்டர் சொன்னார், அத்தான்?" என்றேன் நான்.

"சாகிற வருத்தத்த வருத்தக்காரன்ட மூஞ்சிக்கு நேர ஆராவது சொல்லுவானா? படிச்ச மனுசன், எனக்குப் பயம் வரப்படாதெண்டு வாய்வு எண்டான். என்ட வருத்தத்த இவளுக்கு மேல வச்சுச் சொன்னான். இவளுக்கு உண்மையா அப்பிடி இரிந்தா இவளுக்கு நேர சொல்லுவானா? என்னக் கூப்பிட்டுத்தானே சொல்லியிரிப்பான். குளிசைய இவள்ட கையில குடுத்ததும் அதுக்குத்தான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் யோசித்ததில் வியப்பில்லை. எங்கள் ஊரில் பெரிய வருத்தம் வந்தவனுக்கு அதைச் சொல்வதில்லை. பெண்டாட்டிக்குச் சொல்வார்கள், அண்ணன் தம்பிக்குச் சொல்வார்கள், தயிர் கொண்டுவருகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும், வருத்தக்காரனுக்கு மட்டும் தெரியாது. என் தகப்பன் வயிற்றுப்புண் என்று நம்பிக்கொண்டேதான் புற்றுநோயில் செத்தார். சுற்றி நின்று அப்படிச் சொன்னவர்கள் அதைப் பெரிய புண்ணியமாக நினைத்தார்கள். அந்த வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அத்தானின் பேச்சில் ஓட்டை இல்லை. வாய்வு என்று சொல்லப்பட்டவன் சாகப்போகிறவன். சாவாய் என்று சொல்லப்பட்டவள் சுகதேகி.

ஊர் இதை ஒரே மூச்சில் நம்பியது. மறுநாள் வளவு நிறைய ஆட்கள். செசீலியா மச்சாள் தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு, "ஒருத்தரும் சொல்லாமலே எல்லாம் அவனுக்கு விளங்கிற்று" என்று மூக்கைச் சிந்தினாள். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா தேநீர் ஊற்றினாள்.

குளிசையைத் தவறாமல் நீ குடிக்க வேண்டும் என்று நான் அவளிடம் உறுதியாகச் சொன்னேன். தலையாட்டினாள். இரண்டாம் முறை டொக்டரிடம் போனபோது எனக்குப் பள்ளிக்கூடம். அத்தான் கூடப் போனார், ஆனால் உள்ளே போகவில்லையாம். தன்னைக் கண்டால் டொக்டரின் மனம் நொந்துவிடும் என்று வெளியே போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டாராம். அக்காவின் நெஞ்சில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்று கண்ட டொக்டர், ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். ஓம் என்றிருக்கிறாள். இனி நாளுக்கு இரண்டு குடியுங்கள் என்று கூட்டிக் கொடுத்துவிட்டார்.

இதற்குள் அக்காவின் கால்கள் வீங்கியிருந்தன. இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை இருந்தாள். நெல்லுக் குத்தும் சத்தமும் நிற்கவில்லை. மருந்து குடித்தும் இப்படியா என்று கேட்க ஒரு காலை வேலியால் நுழைந்து போனபோதுதான் கண்டேன். ஒரு பீங்கானில் இரண்டு குளிசையும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்து அத்தானிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் தேவநற்கருணை வாங்குகிற பக்தியோடு வாய் திறந்தார்.

அவளை உரலடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்கென்ன விசரா அக்கா? அது உன்ட மருந்து. உன்ட உயிர்."

"மெல்லப் பேசு தங்கச்சி."

"ஏன் மெல்லப் பேசோணும்? டொக்டர் உன்ட நெஞ்சிலதானே குழாய வச்சுச் சொன்னவர்?"

"உன்ட அத்தான் சொல்றது சரியா இரிந்தா? நான் குடிச்சி, அவர் செத்தா, புருசன்ட மருந்தத் திண்டவள் எண்டுதானே ஊர் சொல்லும். அந்தச் சொல்லோட நான் எப்பிடி இரிக்கிற?"

அந்த ஊரைப் பற்றி எனக்கு என்ன கருத்து என்று சொன்னேன். எழுத்தில் வைக்கிற சொற்கள் அல்ல அவை. அடுத்த கிளினிக் நாளில் லீவு போட்டுவிட்டுப் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அத்தான் அதுவரைக்கும் பொறுக்கவில்லை.

அவருக்குச் சில நாட்களாகவே சாப்பாடு பிடிக்கவில்லை. மீன்தலையை அவர் தள்ளிவைத்ததைக் கண்டு ஊர் முதன்முறையாக உண்மையிலேயே பயந்தது. பிறகு வாந்தி. பிறகு கண்ணில் படுவதெல்லாம் மஞ்சளாகத் தெரியத் தொடங்கியது. பங்குச் சுவாமியாரின் வெள்ளை அங்கியே மஞ்சளாகத் தெரிகிறது என்றார். மோட்ச வெளிச்சம் இப்படித்தான் முதலில் தெரியும் என்று செசீலியா மச்சாள் விளக்கம் சொன்னாள். மோட்சம் பிந்தட்டும் என்று நினைத்தோ என்னவோ, அத்தான் அன்று தானாகவே போத்தலைத் திறந்து இன்னும் இரண்டு குளிசையைப் போட்டுக்கொண்டார். மத்தியானம் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே விழுந்தார். சுவாமியார் ஓடிவந்து, சாகப்போகிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். வாடகைக் கார் பிடித்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம்.

அதே டொக்டர். அத்தானின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். துடிப்பு நின்று நின்று வந்ததாம்.

"என்ன மருந்து குடிச்சவர்?"

"நீங்க குடுத்ததுதான் ஐயா" என்றாள் செசீலியா மச்சாள்.

"நான் இவருக்கு ஒண்டும் குடுக்கல்லயே."

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போத்தலை எடுத்து நீட்டினாள். டொக்டர் போத்தலைப் பார்த்தார். பிறகு குனிந்து அவளுடைய வீங்கிய கால்களைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"நோயில்லாத நெஞ்சுக்கு இது நஞ்சு அம்மா. இவர் மயிரிழையில தப்பினார். உங்களுக்கு உயிர் போகும் எண்டு உங்களுக்கு நேரதானே சொன்னன். பிறகேன் குடுத்தீங்க?"

அக்கா அவிழ்த்த முந்தானையை மறுபடியும் முடிந்துகொண்டாள்.

"எனக்கு என்ன செய்யிது எண்டு இவ்வளவு காலமும் வீட்டில ஒருத்தரும் கேட்டதில்ல ஐயா. நீங்க சொன்னத என்னால நம்ப ஏலாமப் போயிற்று" என்றாள்.

முன்கோபியான அந்த மனிதர் அன்று கோபப்படாமல் வெளியே போனார். திரும்பி வந்து, அக்காவைப் பெண்கள் வார்டில் சேர்க்கும்படி தாதியிடம் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் செசீலியா மச்சாள் அக்காவின் காதருகே குனிந்தாள். நான் பக்கத்தில் நின்றேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"டொக்டர் இப்பவும் தம்பிக்குக் கேட்கட்டும் எண்டுதான் அப்பிடிச் சொல்றார். நீ குளிசைய நிப்பாட்டிராத. ஒளிச்சாவது குடு."

இவர்களுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வழியும் இல்லை என்பதை அன்றைக்குத்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன். டொக்டர் நஞ்சு என்று சொன்னாலும் இவர்களுக்கு அது மருந்து. ஒளித்துக் கொடுத்தால் இரண்டு பேரும் சாக வேண்டியதுதான். அக்கா மச்சாளுக்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

குளிசையை நிறுத்திய சில நாட்களில் அத்தானுக்கு எல்லாம் பழைய நிறத்தில் தெரிந்தது. வீட்டுக்குப் போனார். அக்காவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். தாதி பக்கத்தில் நின்று அவளைக் குடிக்க வைத்தாள். ஒரு சனிக்கிழமை நான் பார்க்கப் போனபோது கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். கால் வீக்கம் வற்றியிருந்தது, உதட்டில் இரத்தம் ஓடியது.

"ராவைக்குப் படுத்து நித்திரை கொண்டன் தங்கச்சி" என்றாள். ஏதோ களவு செய்தவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள். "நெஞ்சு ஓடுறது குறைஞ்சிரிக்கி. அப்ப, இது எனக்குரிய மருந்துதான்."

டொக்டரின் படிப்பும் என் கத்தலும் செய்யாததை ஓர் இரவு நித்திரை செய்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று யன்னலுக்குப் போனேன்.

அவளை நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வளவில் கூட்டம். நாற்காலியில் அத்தான், அருகில் செசீலியா மச்சாள், சுற்றிவர இரக்கக்காரர். எப்படியிருக்கிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் நேரே குசினிக்குப் போய்க் குவளையில் தண்ணீரோடு வந்தாள். உள்ளங்கையில் குளிசை. அத்தான் பழக்கதோசத்தில் கையை நீட்டினார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி குளிசையைத் தன் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

"புருசன்ட உயிர விழுங்கிறாள், பாத்தீங்களா?" என்றாள் செசீலியா மச்சாள்.

"என்ட உயிரத்தான் நான் விழுங்கின, மச்சாள்" என்றாள் அக்கா. குரல் உயரவேயில்லை. "இது என்ட வீடு. இதுக்குள்ள இனி அவருக்குக் குளிசை குடுக்கிறல்ல. குடுக்கோணும் எண்டு இரிக்கிறவங்க அவரக் கூட்டிக்கிட்டுப் போய் வச்சுப் பாருங்க."

மச்சாள் கூட்டிக்கொண்டுதான் போனாள். நாற்காலியும் பின்னால் போனது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அத்தான் நாற்காலியைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மச்சாளின் இரக்கம் நோயாளியைத் தன் செலவில் வைத்துச் சோறு போடுகிற அளவுக்கு நீளவில்லை. அக்கா அவரை உள்ளே விட்டாள். நான் விட்டிருக்கமாட்டேன். உலையில் அரிசி போட்டாள், ஆனால் நெல்லை அவள் குத்தவில்லை. மூட்டையாகக் கட்டி, அத்தானின் தலையில் ஏற்றி, மில்லுக்கு அனுப்பினாள். அவர் தூக்கிக்கொண்டு போனார். நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு அக்கா எட்டு வருடம் இருந்தாள். வருத்தம் முழுதாகப் போகவில்லை. சில நாள் நடந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு தறிகெட்டு ஓடும், நோவு இடதுபக்கம் இழுக்கும், அந்த இடத்திலேயே குந்திவிடுவாள். ஆனால் குந்தியவள் ஒண்டுமில்லை என்று சொல்வதை விட்டுவிட்டாள். நோகுது, தண்ணி கொண்டாங்க என்பாள். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவருவார். மாதந்தவறாமல் பஸ்ஸேறிப் போய்க் குளிசை எடுத்துவந்தாள்.

அந்த எட்டு வருடத்திலும் ஊர் அவளை நெஞ்சுநோய்க்காரி என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. புருசனுக்கு மருந்து கொடுக்காதவள் என்றுதான் சொன்னது. பூசைக்குப் போனால் அவள் இருக்கிற வாங்கில் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும். கிணற்றடியில் அவள் காதுபடவே பேசுவார்கள். எந்தச் சொல்லுக்குப் பயந்து உயிரைக் கொடுக்க இருந்தாளோ, அந்தச் சொல் அவளுக்குக் கிடைத்தேவிட்டது.

ஒருநாள் கோயிலால் வரும் வழியில், அப்படிப் பேசிய இரண்டு பேரைப் பிடித்து நான் ஏச ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"உனக்கு ரோசமே இல்லையா அக்கா?" என்றேன்.

அவள் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றாள்.

"சொல்லட்டும் தங்கச்சி" என்றாள். "உயிரோட இரிந்து கேட்கிறன்தானே."